கைப்பேசி வைஃபையும் லினக்ஸ் மடிக்கணினியும்: இணைப்பு அறுந்தால் தேடும் முறை

நமது சங்க அலுவலகங்கள் பலவற்றில் இன்று மடிக்கணினி இடம்பெற்றுவிட்டது. நெசவாளர் சங்கமாயின் நூல் கொள்முதல், கூலிப் பட்டியல், துணி இருப்பு ஆகியனவும், விவசாயிகள் சங்கமாயின் உரக் கணக்கு, கடன் விவரம் ஆகியனவும் அதில் எழுதப்பெறுகின்றன. கம்பி வழி இணையம் எட்டாத ஊர்களில் காரியதரிசியின் கைப்பேசியே அம்மடிக்கணினிக்கு வாயிலாக அமைகின்றது. கைப்பேசி தன் சிம் அட்டையின் மூலம் பெறும் இணையத்தை வைஃபை அலையாகச் சுற்றிலும் பரப்புகின்றது. இதனை ஹாட்ஸ்பாட் என்று வழங்குவர். மடிக்கணினி அவ்வலையைப் பற்றிக்கொண்டு வேலை செய்கின்றது.

லினக்ஸ் என்னும் இயக்கு முறை சங்கங்களுக்கு ஏற்றதாவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கு அதன் நிறுவனம் அளித்து வந்த பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுற்றது. பழைய மடிக்கணினிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதியற்றவை. அவற்றைக் கழித்துவிடாமல் மேலும் சில ஆண்டுகள் உழைக்கச் செய்வது லினக்ஸ். 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதனைத் தொடங்கினார். பின்னர் பல நாட்டார் கூடி உழைத்து வளர்த்தனர். உபுண்டு, மின்ட் போன்ற அதன் வடிவங்களைப் பெற உரிமக் கட்டணம் கிடையாது. பலர் உழைப்பின் பயனைப் பலரும் துய்க்கும் அம்முறை, நமது இயக்கத்தின் நெறிக்கு அந்நியமானதன்று.

எனினும், கைப்பேசியின் வைஃபை ஒருநாள் மடிக்கணினிக்கு எட்டாமற் போகலாம். ஜி.எஸ்.டி. பதிவு பெற்று மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் சங்கத்தின் 3-பி படிவம், அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் சென்று சேர்தல் வேண்டும். அன்று மாலையில் இணைப்பு அறுந்தால் தாமதக் கட்டணம் அங்கத்தினரின் பணத்திலிருந்தே போகும். இதனினும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. சிறு விசை ஒன்று அணைந்திருப்பதை அறியாமல், 'இயந்திரம் கெட்டுவிட்டது' என்று முடிவு கட்டிப் புதியது வாங்குவதே அது. ஆதலின், குறையைத் தேடிக் காணும் முறையை அங்கத்தினர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

தேடுதலுக்கு ஒரு விதி

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவரம் அறிந்த விவசாயி வயலை வெட்டிப் பார்ப்பதில்லை. ஏரியில் நீர் உண்டா, மதகு திறந்திருக்கின்றதா, வாய்க்கால் உடைந்ததா, மடை அடைந்ததா என்று மேலிருந்து வரிசையாகப் பார்த்து வருகின்றார். எந்த இடம் வரையில் நீர் வந்துள்ளதோ, அதற்கு அடுத்த இடத்தில்தான் குறை. இணையத்தின் வழியும் அத்தகையதே. கோபுரத்திலிருந்து கைப்பேசி, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட், மடிக்கணினியின் வைஃபைக் கருவி, கடவுச்சொல், முகவரி, பெயர் அறிதல் என அதனை ஆறு கண்ணிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

மற்றொரு விதியும் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தல் வேண்டும். பாவில் ஓர் இழை அறுந்ததற்காக நெசவாளர் விழுதையும் அச்சையும் சேர்த்துக் கழற்றுவதில்லை. நான்கு அமைப்புகளை ஒருங்கே மாற்றிவிட்டால், இணைப்பு திரும்பினாலும் எதனால் திரும்பிற்று என்பது விளங்காது. மறுமுறை குறை நேரும்போது மீண்டும் இருட்டில்தான் தடவ வேண்டியிருக்கும்.

முதலிரு கண்ணிகள்: கைப்பேசி

முதலில் கைப்பேசியின் வைஃபையை அணைத்துவிட்டு, சிம் இணையத்தை மட்டும் கொண்டு அக்கைப்பேசியிலேயே ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்கவில்லையெனில் மடிக்கணினியைத் தொட வேண்டிய தேவையே இல்லை. சமிக்ஞை குறைவா, திட்டத்தின் தவணை முடிந்ததா என்று பார்த்தல் போதும். நாளொன்றுக்கு இவ்வளவு என்று வரையறுத்த திட்டங்களில் அவ்வளவு தீர்ந்ததும் வேகம் மிகவும் குறைந்துவிடுவது வழக்கம். இணைப்பு இருப்பதாகத் திரை காட்டும், பக்கமோ வராது. மாலை நேரத்தில் மட்டும் தோன்றும் குறைக்கு இது ஒரு காரணமாகலாம்.

கைப்பேசியில் இணையம் உண்டு எனில் அடுத்தது ஹாட்ஸ்பாட். ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகள் பலவற்றில், எக்கருவியும் இணையாமல் சில நிமிஷங்கள் கழிந்தால் ஹாட்ஸ்பாட் தானே அணைந்துவிடும் அமைப்பு உண்டு. ஐபோனிலோ, மடிக்கணினி இணையும் வரையில் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்தே வைத்திருத்தல் நலம்.

இக்கண்ணியில் அடிக்கடி நேரும் தடை அலைவரிசை பற்றியது. பழைய மடிக்கணினிகள் சில 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையை மட்டுமே அறியும். புதிய கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் பரப்பினால், அதன் பெயர் மடிக்கணினியின் பட்டியலிலேயே தோன்றாது. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 என்பதைத் தேர்ந்தால் பெயர் தோன்றும். ஐபோன் 12 முதலியவற்றில் 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்னும் விசை இதனைச் செய்கின்றது. பெயர் தோன்றியும் இணைய மறுத்தால், கைப்பேசியின் பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 என்றிருக்கின்றதா எனக் காண்க. பழைய கருவிகள் சில அதனை அறியா, டபிள்யூ.பி.ஏ.2 என்று மாற்றினால் இணையும்.

மூன்றாம் கண்ணி: மடிக்கணினியின் வைஃபைக் கருவி

எந்த வைஃபையின் பெயரும் பட்டியலில் இல்லையெனில் கருவியே அணைந்திருக்கலாம். பல மடிக்கணினிகளில் விமானப் பயன்முறைக்கென ஒரு விசை உண்டு. கைபட்டு அது அழுந்திவிடுவதுண்டு. சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு சிறு தள்ளுவிசை இருக்கும்.

இதனை உறுதி செய்ய லினக்ஸில் எளிய கட்டளை ஒன்று உள்ளது. டெர்மினல் என்னும் கட்டளைத் திரையைத் திறந்து, 'ஆர்எப்கில் லிஸ்ட்' என்று தட்டச்சிட வேண்டும். கட்டளைகள் யாவும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அமைய வேண்டும். முதற்சொல்லின் எழுத்துகள் ஆர், எப், கே, ஐ, எல், எல் என்பன. விடையில் 'சாப்ட் பிளாக்ட்', 'ஹார்டு பிளாக்ட்' என இரு வரிகள் வரும். முன்னதற்கு நேரே 'யெஸ்' என்றிருந்தால் மென்பொருளால் ஏற்பட்ட தடை. 'ஆர்எப்கில் அன்பிளாக் வைஃபை' என்ற கட்டளை அதனை நீக்கும். வைஃபை என்பதை இடையில் கோடின்றி எழுதுக. பின்னதற்கு நேரே 'யெஸ்' என்றிருந்தால் பெரும்பாலும் கைவிசையால் ஏற்பட்ட தடை. அதனைக் கட்டளையால் நீக்க முடியாது, விசையைத்தான் தேட வேண்டும்.

வைஃபை என்ற பெயரே அமைப்புப் பக்கத்தில் காணப்படவில்லையெனில், கருவியை இயக்கும் மென்பொருள், அதாவது டிரைவர், இல்லை என்று கருதலாம். பிராட்காம் நிறுவனத்தின் சில கருவிகளுக்கு அதனைத் தனியே நிறுவ வேண்டியிருக்கின்றது. உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்றும், மின்டில் 'டிரைவர் மேனேஜர்' என்றும் உள்ள பகுதி அதனைத் தேடித் தரும்.

இங்கே ஓர் ஐயம் எழும். டிரைவரைப் பெற இணையம் வேண்டும், இணையம் பெற டிரைவர் வேண்டும், என் செய்வது? இதற்கு வழி மின்னூட்டக் கம்பியில் உள்ளது. தரவையும் கடத்தும் யூ.எஸ்.பி. கம்பியால் ஆண்ட்ராய்டுக் கைப்பேசியை மடிக்கணினியோடு இணைத்து, கைப்பேசியில் 'யூ.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்கினால், லினக்ஸ் அதனைக் கம்பி வழி இணையமாக ஏற்றுக்கொள்ளும். வைஃபையின் துணை இதற்குத் தேவையில்லை. கடைசி நாளில் படிவம் அனுப்ப வேண்டிய நெருக்கடியிலும் இம்முறையைக் கையாளலாம். முதலில் வேலையை முடித்துவிட்டுப் பிறகு நிதானமாகக் குறையைத் தேடலாம். ஆகவே, நல்ல கம்பி ஒன்றை அலுவலக மேசையில் எப்போதும் வைத்திருக்க வேண்டுகிறோம்.

நான்காம் கண்ணி: கடவுச்சொல்

ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் வேறு வேறு என்பது பலரும் அறிந்ததே. ஆனால், கைப்பேசியில் கடவுச்சொல்லை மாற்றிய பின்பும், மடிக்கணினி தன் நினைவிலுள்ள பழைய சொல்லையே அனுப்பிக்கொண்டிருக்கக் கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சேமித்த இணைப்பை 'மறந்துவிடு' என்று நீக்கி, புதிதாக இணைந்து, சொல்லை மீண்டும் எழுதுவதே பரிகாரம்.

ஐந்தாம், ஆறாம் கண்ணிகள்: முகவரியும் பெயரும்

'இணைந்தது' என்று திரை கூறியும் பக்கம் திறக்காத நிலையே அங்கத்தினரை மிகவும் மயக்குவது. இங்கே மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது, 'ஐபி ரூட்' என்னும் கட்டளை. இதன் எழுத்துகள் ஐ, பி, பின் இடைவெளி, பின் ஆர், ஓ, யூ, டி, இ. 'டிபால்ட் வயா' என்று தொடங்கும் வரியில் வரும் எண்ணே கைப்பேசியின் முகவரி. அவ்வரி வரவில்லையெனில் மடிக்கணினிக்குக் கைப்பேசி முகவரி வழங்கவில்லை என்று பொருள். முன்பு வேறோர் அலுவலகத்தில் எவரேனும் நிலையான முகவரியை எழுதி வைத்த கருவியில் எண் பொருந்தாமலும் போகலாம். அந்த வைஃபையின் அமைப்பில் 'ஐபிவி4' என்ற பகுதியைத் 'தானியங்கி' என மாற்றி, இணைப்பை அணைத்து மீண்டும் இயக்குக.

இரண்டாவது, 'பிங்' என்னும் கட்டளை. எழுத்துகள் பி, ஐ, என், ஜி. அதன் பின் இடைவெளி விட்டு, மேற்படி கைப்பேசி முகவரியை எழுதினால், விடை வரி வரியாக வரும். நிறுத்துவதற்குக் கன்ட்ரோல் விசையுடன் சி எழுத்தை அழுத்த வேண்டும். விடை வராவிட்டால் மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் இடையில் குறை இருக்கலாம்; கைப்பேசியை அருகில் கொணர்ந்து பார்க்கலாம். விடை வந்தால் 8.8.8.8 என்ற எண்ணுக்கு அவ்வாறே செய்க. அது கூகுள் நிறுவனத்தின் பொதுப் பெயரறி நிலையம். கைப்பேசி விடையளித்து இந்த எண் விடையளிக்கவில்லையெனில் குறை கைப்பேசிக்கு அப்பால் உள்ளது என்று கொண்டு முதற் கண்ணிக்குத் திரும்புதல் வேண்டும்.

மூன்றாவது, எண்ணுக்கு விடை வந்தும் தளங்களின் பெயருக்கு விடை வராத நிலை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்னும் பணி நடைபெறவில்லை என்பது இதன் பொருள். அதே அமைப்புப் பக்கத்தில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 'தானியங்கி' என்பதை அணைத்து, 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று எழுதி மீண்டும் இணைந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெயருக்கும் விடை வருகின்றது, ஆனால் வங்கி, வரி முதலிய தளங்கள் மட்டும் 'பாதுகாப்பற்றது' என்று மறுக்கின்றன எனில் மடிக்கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய கருவிகளில் நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோனால் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். தளத்தின் சான்றுக்குக் காலவரையறை உண்டாதலால் தேதி பிழைத்தால் சான்றும் செல்லாததாகத் தோன்றும். தேதியைத் திருத்தி, நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பை இயக்கி வைக்க வேண்டும்; மின்கலத்தையும் மாற்றுதல் நலம். எச்சரிக்கையைப் புறக்கணித்து உள்ளே செல்லுதல் எக்காலத்தும் தகாது.

விட்டு விட்டு அறுந்தால்

சில நிமிஷங்களுக்கு ஒருமுறை இணைப்பு அறுமாயின், வைஃபைக் கருவியின் மின்சேமிப்பு அமைப்பைச் சந்தேகிக்கலாம். உபுண்டு, மின்ட் ஆகியவற்றில் நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பு ஒன்றில் 'வைஃபை பவர்சேவ்' என்பதன் மதிப்பு 3 என்றிருக்கும். அதனை 2 என்று மாற்றி மடிக்கணினியை மறுபடி தொடங்கினால் மின்சேமிப்பு நிற்கும். பழக்கமுள்ளவரைக் கொண்டு இதனைச் செய்க.

சிக்கனமும் காவலும்

இணைப்பு கிடைத்ததும், அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் 'மீட்டர்டு' என்று குறிக்கும் வசதி இருந்தால் அதனை இயக்கி வையுங்கள். கட்டணமுள்ள இணைப்பு இது என்பதை அறிந்து, பெரிய புதுப்பிப்புகளைத் தானாக இறக்குவதை லினக்ஸ் தவிர்க்கும். ஹாட்ஸ்பாட்டுக்குக் குறைந்தது எட்டு எழுத்துள்ள கடவுச்சொல் வேண்டும். பன்னிரண்டு இருப்பின் மேலும் நன்று. அலுவலகத்திலிருந்து ஒருவர் விலகியதும் அதனை மாற்றுதல் முறை. சந்தையிலோ பேருந்து நிலையத்திலோ கடவுச்சொல் இன்றிக் கிடைக்கும் வைஃபையில் சங்கத்தின் வங்கிக் கணக்கைத் திறத்தலாகாது.

இறுதியாக ஒன்று. இவ்வறிவு ஒருவரிடம் மட்டும் தங்கினால், அவர் விடுப்பில் செல்லும் நாளில் சங்கத்தின் வேலை நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு சங்கமும் இருவருக்காவது இச்சோதனைகளைச் செய்துகாட்டிப் பழக்குதல் வேண்டும். மேசையில் ஒரு குறிப்பேடு வைத்து, குறை நேர்ந்த தேதி, கண்ட அறிகுறி, எந்தக் கண்ணியில் குறை இருந்தது, எதனால் தீர்ந்தது என்ற நான்கையும் எழுதி வருக. நாளடைவில் அக்குறிப்பேடு உங்கள் மடிக்கணினிக்கே உரிய பாடநூலாக அமையும். அடுத்த முறை ஆறு கண்ணிகளில் எதனை முதலில் பார்ப்பது என்பதை அதுவே கூறிவிடும்.