தொழிலாளர் சங்கமும் அதன் கைமுதலும்

சென்ற மகாசபைக் கூட்டத்தில் மடுகரை அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "ஐயா, ஏரி தூர்வாரும் வேலையில் மண்வெட்டி பிடிப்பவர்கள் நாங்கள், காண்ட்ராக்டரோ வெளியூரார். அவ்வேலையை நாங்களே ஒரு சங்கமாகக் கூடி எடுத்தால், அவருக்குப் போகும் லாபம் எங்களுக்குச் சேராதா?" என்று வினவினார். நேரமாகிவிட்டபடியால், "சேரும்" என்று மட்டும் சொல்லி வந்துவிட்டேன். அது பாதி விடையே. மீதியை இங்கு எழுதுகிறேன்.

கடன் சங்கத்தில் அங்கத்தினர் பணம் போட்டுக் கடன் பெறுகிறார். பால் சங்கத்தில் பால் ஊற்றுகிறார். தொழிலாளர் சங்கத்தில் அவர் கொண்டு வருவது தம் உழைப்பு. பங்கு எத்தனை வாங்கியிருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். நிர்வாக சபையை அங்கத்தினர்களே தெரிந்தெடுக்கின்றனர். அச்சபை நியமித்த மேஸ்திரியின் சொல்லுக்கு வேலைக்களத்தில் அடங்கி நடக்கின்றனர். பகலில் யாருக்கு அடங்கினார்களோ அவரையே மாலைக் கூட்டத்தில் கணக்குக் கேட்கலாம். பழக்கமில்லாதவர்களுக்கு இது சற்றுக் கடினமான ஏற்பாடுதான்.

இது நடக்கக்கூடிய காரியமா என ஐயுறுவோர் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. புதுச்சேரி நேரு வீதிக்குச் சென்றவர்கள் இந்தியன் காபி ஹவுஸை அறிவார்கள். அப்பெயருள்ள கடைகள் முன்னர் காபி போர்டுக்குச் சொந்தமாயிருந்தன. 1950-களில் போர்டு அவற்றை மூட முற்பட்டபோது, ஏ. கே. கோபாலன் முதலிய தொழிலாளர் தலைவர்களின் தூண்டுதலால் பரிசாரகர்களும் சமையற்காரர்களும் சங்கங்களாகத் திரண்டு, கடைகளைத் தாமே ஏற்று நடத்தலாயினர். முதற் சங்கம் 1957 ஆகஸ்டு 19-இல் பெங்களூரில் அமைந்தது. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். காபி குடித்தவர் எழுந்து போகுமுன் பணம் கொடுத்துவிடுகிறார். சங்கத்தின் பெட்டியில் அன்றாடம் காசு விழுகிறது. ஏரி வேலையில் அப்படியன்று.

கேரளத்துக் கண்ணூரில் வேறு வகையாக நடந்தது. பீடித் தொழிலாளர்களுக்கு விடுமுறை முதலிய உரிமைகளை அளித்த 1966-ஆம் வருஷத்துச் சட்டத்தை அம்மாநில சர்க்கார் 1968-இல் அமலுக்குக் கொண்டுவரவே, மங்களூர் முதலாளிகளின் பெரிய கம்பெனி கடையை மூடிவிட்டது. சுமார் 12,000 பேர் வேலையிழந்தனர். அவர்களுக்காக 1969-இல் தினேஷ் பீடி சங்கம் ஏற்பட்டது. பங்கு ஒன்றுக்கு ரூ. 20. அதில் தொழிலாளி கையிலிருந்து கொடுத்தது ரூ. 1, மீதி ரூ. 19 சர்க்கார் கடன். இலையும் புகையிலையும் வாங்கிப் பீடியை விற்பது மத்திய சங்கத்தின் பொறுப்பு. சுற்றுவது கிளைச் சங்கங்களின் பொறுப்பு. பிற்காலத்தில் பீடிக்குக் கிராக்கி குறைந்தபோது உணவுப் பொருள், குடை முதலியவற்றிலும் அச்சங்கம் இறங்கிற்று.

நம் கேள்விக்கு மிக நெருங்கியது ஊராளுங்கல் சங்கம். வடகரைக்கு அருகிலுள்ள அவ்வூர் 1925-இல் சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. சாதி வேற்றுமையை எதிர்த்த வாக்படானந்தர் என்னும் துறவியைப் பின்பற்றியவர்களுக்கு நிலவுடைமையாளர்கள் வேலை கொடுக்க மறுத்தனர். மறுக்கப்பட்டவர்களில் 14 பேர் கூடி ஒரு கூலி வேலைச் சங்கம் அமைத்தனர். தொடக்க மூலதனம் ஆறணா! கடன் கிடைப்பதும் அரிதானபடியால் ஐக்கிய நாணய சங்கம் ஒன்றையும் தனியே நிறுவிக்கொண்டனர். வேலைக்கு ஒரு சங்கம், பணத்துக்கு ஒரு சங்கம் என்னும் இவ்விவேகத்தை நான் மிகவும் மெச்சுகிறேன். இன்று பல்லாயிரம் தொழிலாளரைக் கொண்டு பாலங்களும் நெடுஞ்சாலைகளும் கட்டுவது அச்சங்கந்தான்.

இனி நம் கணக்குக்கு வருவோம். 20 அங்கத்தினர், நாளொன்றுக்கு ரூ. 600 கூலி, 30 நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி மாத்திரம் ரூ. 3,60,000. வேலை முடிந்து, அளவெடுத்து, பில் பாஸாகிப் பணம் வர இரண்டு மாதம் ஆகலாம். ஆளுக்கு ரூ. 1,000 பங்கு எடுத்தாலும் கையிலிருப்பது ரூ. 20,000. இடையிலுள்ள ரூ. 3,40,000-க்கு எங்கே போவது? வீட்டில் உலை வைப்பவர்கள் பில் பாஸாகும் வரை காத்திருப்பார்களா?

ஊர் பேர் வேண்டாம். நான் தணிக்கை செய்த ஒரு சங்கத்தில் நேர்ந்ததைச் சொல்கிறேன். தீர்மானப் புத்தகம் ஒழுங்காயிருந்தது. எல்லோரும் கையொப்பமிட்டிருந்தனர். ரொக்கப் புத்தகத்தைக் கேட்டேன். தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணன் வீட்டில் இருக்கிறதுங்க" என்றார். அண்ணன் என்பவர் அங்கத்தினரல்லர். கூலிக்கு முன்பணம் கொடுத்த வியாபாரி. முதல் வேலைக்கு மாதம் நூற்றுக்கு 3 வட்டியில் கொடுத்தவர், இரண்டாம் வேலைக்கு ஆட்களையும் தாமே அனுப்பினார். மூன்றாவது வேலையின் செக்கு நேரே அவர் கைக்குப் போயிற்று. பெயர்ப்பலகையில் சங்கம், உள்ளே பழைய காண்ட்ராக்டர். அவர்களில் யாரும் திருடரல்லர். வார முடிவில் கூலி கொடுக்க வழியில்லாதவர்கள், அவ்வளவே.

ஆகையால், முதல் வருஷத்திலேயே ஏரி வேலையில் கைவைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வாரத்துக்கு வாரம் பணம் வரக்கூடிய சிறு வேலைகளாகிய கரும்பு வெட்டு, வரப்பு வேலை, வீட்டு மராமத்து ஆகியவற்றில் தொடங்கலாம். நாளொன்றுக்கு ஆளுக்கு ரூ. 50 பிடித்தம் செய்தால் 30 வேலைநாளில் ரூ. 30,000 சேரும். மேற்கண்ட தொகை சேர அப்படிப் பதினொரு பன்னிரண்டு மாத வேலை பிடிக்கும். நீண்ட வழிதான், ஆனால் அப்பணம் உங்களுடையது. பிறகு வங்கியில் கடன் கேட்கும்போது காட்டுவதற்கு ஐந்தொகையும் தணிக்கை அறிக்கையும் இருக்கும்.

உபவிதிகளில் இரண்டை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வேலை செய்யாதவர் அங்கத்தினராகலாகாது; வெளியாள் தொடர்ந்து வேலை செய்தால் அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் பழைய அங்கத்தினரே புதிய முதலாளிகளாகிவிடுவர். லாபம் முழுவதையும் பொங்கலுக்குப் பங்கிட்டுவிட ஆசை எழும். சேமநிதிக்கு ஒதுக்கிய பின்னரே பங்கீடு.

அடுத்த கூட்டத்துக்கு வரும் அங்கத்தினர் ஒவ்வொருவரும், கூலி கைக்கு வராமல் எத்தனை நாள் குடும்பம் ஓடும் என்று வீட்டுப் பெண்களைக் கேட்டு, அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி வரவும். அவற்றைக் கூட்டி வைத்துக்கொண்டு பங்குத் தொகையைத் தீர்மானிப்போம்.