உடன்படுதலும் வினையே

சூது தீது என்பதைச் சிராவகர் இல்லத்துச் சிறு குழந்தையும் அறியும். சப்த வியசனங்களை எண்ணப் புகுந்த நம் ஆசாரியர்கள் சூதையே முதலில் வைத்தனர். திருக்குறளிலும் வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது ஆகியவை 92, 93, 94ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. ஆயினும், தாம் சூதாடாத ஒருவர், பிறர் ஆடுதற்குச் சட்டத்தால் இடமளிப்பாராயின், அவ்வினையில் அவருக்குப் பங்குண்டா? உண்மையில் நடந்த ஒன்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

சிங்கப்பூரின் முதற்பிரதமர் லீ குவான் இயூவின் தந்தையார் சூதில் தோற்று வீடு திரும்பி, மீண்டும் ஆடுதற்பொருட்டு மனைவியின் நகைகளைக் கேட்டுச் சினப்பாராம். இதனை லீ அவர்களே தம் நினைவுநூலில் எழுதியுள்ளார். 1959 முதல் 1990 வரை அவர் பிரதமராக இருந்த காலத்தில் அந்நாட்டில் கேசினோ எனும் சூதாட்டக்கூடம் அமையவில்லை.

2005 ஏப்ரல் 18 அன்று, அவர் மகனும் பிரதமருமான லீ சியன் லூங், கேசினோவுடன் கூடிய இரு உல்லாசத் தலங்களுக்கு இசைவளிக்கும் முடிவை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். சுற்றுலா வளரும், ஏறத்தாழ 35,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்பன காரணங்கள். அன்று மதியுரை அமைச்சராகவும் உறுப்பினராகவும் இருந்த தந்தையாரும், உலகம் மாறிவிட்டது எனக் கருதித் தம் பழைய எதிர்ப்பைக் கைவிட்டார். 2010இல் செந்தோசாவிலும் மரினா பேயிலும் கூடங்கள் திறக்கப்பட்டன.

அவர்கள் தீங்கை அறியாதவர் அல்லர். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நாளொன்றுக்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் விதித்தனர். 2019இல் அது 150 ஆயிற்று. குடும்பத்தார் விண்ணப்பித்து, சூதில் வீழ்ந்தவரைத் தடைசெய்யவும் வழி வகுத்தனர். தீமையைக் குறைக்கும் எண்ணம் மதிக்கத்தக்கதே. ஆனால் அயல்நாட்டுப் பயணிக்கு அக்கட்டணம் இல்லை. அவன் இல்லத்திலும் நகையைப் பறிகொடுக்கும் ஒரு தாய் இருப்பாள் அன்றோ? உயிர்களிடையே நம்மவர், அயலார் என்னும் வேறுபாட்டை ஜினதருமம் ஏற்பதில்லை.

வினை மூவகையால் வரும் என்பது நம் ஆகமம் கூறும் நெறி: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல். இவற்றை முறையே கிருதம், காரிதம், அனுமோதனம் என்பர். மனம், மொழி, மெய் என்னும் மூன்றோடு இவற்றைப் பெருக்க ஒன்பதாகும். சட்டம் இயற்றுவோர் சீட்டைத் தொடாதிருக்கலாம். ஆயினும் மனத்தால் இசைந்து, மொழியால் ஆதரித்து, கையுயர்த்தி வாக்களிக்கின்றனர். 'நாம் தடுத்தாலும் மக்கள் வேறிடம் சென்று ஆடுவர்' என்பது அவர்தம் வாதம். பிறர் செய்யும் தீமை நம் இசைவுக்குக் காரணமாகலாம். நம் வினையைக் கழிக்கும் மருந்தாகாது.

இஃது ஆள்வோர்க்கு மட்டும் உரிய பாடமன்று. சூதாட்ட நிறுவனத்தின் பங்குகளை வாங்கி ஈவுத்தொகை பெறுபவரும், திருமண வீட்டில் பணம் வைத்து ஆடுவோரைக் கண்டு நகைத்து நிற்பவரும் உடன்பட்டோரே. இனி 'நான் ஆடவில்லை' என்பதோடு அமையாது, 'நான் இசைந்தேனா?' என்றும் நம்மை நாமே வினவிக்கொள்வோம்.

இல்லத்தில் கலந்துரையாட:
1. அம்மன்றத்தில் நாம் உறுப்பினராக இருந்திருப்பின், வேலையற்றோர்க்கு என்ன விடை கூறியிருப்போம்?
2. நம் சேமிப்பு எவ்வெத் தொழில்களில் இடப்பட்டுள்ளது?

அறம் வளர்க!