ஒரே அப்ளிகேஷனில் இரண்டு குவாவா: எந்த வழியில் போவது?

மைசூரு இன்ஃபோசிஸ் வளாகத்தில் ஜாவா பயிற்சி முடித்து ப்ராஜெக்டில் இறங்கும் நம் பிள்ளைகள் சீக்கிரமே சந்திக்கப்போகும் பிரச்சினை இது. கோடு கம்பைல் ஆகும். ஓடும்போது ‘நோ சச் மெத்தட் எரர்’ என்று விழும்.

கூகுளின் குவாவா லைப்ரரியையே எடுத்துக்கொள்வோம். ஆப்ஜெக்ட்ஸ் கிளாஸில் இருந்த ‘ஃபர்ஸ்ட் நான் நல்’ மெத்தடை 21-ஆம் பதிப்பில் நீக்கிவிட்டார்கள். நீங்கள் சேர்த்த பழைய லைப்ரரி அதைத் தேடும்; இன்னொன்று புதிய குவாவாதான் வேண்டும் என்னும். மேவன், டிபென்டென்சி மரத்தில் உங்கள் ப்ராஜெக்டுக்கு மிக அருகில் இருப்பதை எடுக்கும், அது பழையதானாலும். கிரேடில் பொதுவாக உயர்ந்த பதிப்பை எடுக்கும். எனவே முதலில் அந்த மரத்தை அச்சிட்டு, எது எதை இழுத்து வருகிறது என்று பாருங்கள்.

பழைய லைப்ரரிக்குப் புதிய வெளியீடு இருந்தால் அதற்கு மாறி, குவாவாவை ஒரே பதிப்பில் நிறுத்துங்கள். இரண்டு நாள் கூடுதலாகப் பிடித்தாலும் என் தேர்வு இதுதான்.

அது முடியாதபோதுதான் ஷேடிங். மேவன் ஷேட் பிளகின் குவாவாவின் பேக்கேஜ் பெயரையே மாற்றி, அதை அழைக்கும் பைட்கோடையும் திருத்தி, ஜாருக்குள் வைத்துவிடும். பல ஆண்டுகள் குவாவா 11-இல் தேங்கியிருந்த ஹடூப்பும் கடைசியில் இந்த வழிக்குத்தான் வந்தது. ஆனால் ஷேட் செய்த பிரதி கண்ணில் படாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளிப்பட்டதும் 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று திருத்தங்கள் அடுத்தடுத்து வந்தன. பாம் ஃபைலில் எண்ணை மாற்றினாலும், வேறு ஜார்களுக்குள் புதைந்த பிரதிகள் பழையபடியே கிடக்கும். ஷேட் செய்தவர் அதன் பாதுகாப்புத் திருத்தங்களுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

தனித்தனி கிளாஸ்லோடர், ஓஎஸ்ஜிஐ போன்றவை பிளகின் ஏற்கும் பெரிய தளங்களுக்குப் பொருந்தும். ஒரே கிளாஸை இரண்டு லோடர்கள் ஏற்றினால் ஜேவிஎம் அவற்றை வெவ்வேறு டைப்பாகவே பார்க்கும். ஒரு பக்கத்து ஆப்ஜெக்டை மறுபக்கம் கொடுத்தால் ‘கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன்’ வரும். சாதாரண அப்ளிகேஷனுக்கு இந்தச் சுமை வேண்டாம்.

பைத்தானில் ஷேடிங்குக்கு இணையான எளிய வழி இல்லை. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது, 1-க்காகக் கம்பைல் செய்த பல மாட்யூல்கள் அதனுடன் ஓடவில்லை. அவை புதுப்பிக்கப்படும்வரை நம்பையை 2-க்குக் கீழே பூட்டி வைக்கலாம். இரண்டும் வேண்டுமென்றால் தனித்தனி விர்ச்சுவல் என்விரான்மென்டில் இரண்டு ப்ராசஸாக ஓட்டி, தரவை ஃபைல் வழியாகவோ எச்டிடிபி வழியாகவோ பரிமாறிக்கொள்ளுங்கள்.