மெழுகுவர்த்தியும் கரும்புத் தோட்டமும்
(உதைபந்தாட்ட வீரர் குவின்ரின் ஹொக் பற்றிய ஒரு பாடம்)



“நான் கனடாவிற் பிறந்தவன். என்னை ஏன் தமிழன் என்கிறீர்கள்?” என்று எமது வகுப்புப் பிள்ளைகள் வினவுவதுண்டு. நல்ல வினா. அதற்கு விடை தேட, உதைபந்தாட்டத்தின் தொடக்க காலத்தைச் சேர்ந்த ஒருவரின் வாழ்க்கையை இம்மலரில் பாடமாகத் தருகின்றேன். அவர் பெயர் குவின்ரின் ஹொக். இலண்டனிற் பிறந்து, ஸ்கொட்லாந்துக்காக விளையாடியவர். சீனி வணிகராகிப் பெருஞ்செல்வம் ஈட்டியவர். அச்செல்வத்தால் ஏழை இளைஞருக்குக் கல்விக்கூடம் அமைத்தவர். அவரது கதை ஓரிடத்தில் எம் இனத்தவரின் கதையையும் தொடுகின்றது.

பிறப்பும் விளையாட்டும்

ஹொக் 14.02.1845 அன்று இலண்டனிற் பிறந்தார். தந்தையார் சேர் ஜேம்ஸ் வியர் ஹொக், கல்கத்தாவிற் சட்டத்தொழில் புரிந்து பொருளீட்டியவர். பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைவராகவும் விளங்கியவர். இவர்களது குடும்பம் அயர்லாந்திற் குடியேறிய ஸ்கொட்லாந்து வழியினது.

ஈற்றன் கல்லூரியிற் கற்ற காலத்தில் ஹொக் சிறந்த உதைபந்தாட்ட வீரராகத் திகழ்ந்தார். அங்கு அவருக்கு வாய்த்த நண்பர் ஆதர் கின்னெயார்ட். இவரும் ஸ்கொட்லாந்து வழியினரே. பிற்காலத்தில் வங்கியாளராகவும், இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைவராக 1890 முதல் 1923 வரையும் பணியாற்றியவர். அச்சங்கத்தின் கிண்ணத்துக்கான இறுதி ஆட்டங்களில் ஒன்பது முறை ஆடி, ஐந்து முறை வென்றவர்.

1870 மார்ச் 5ஆம் நாள் இலண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து என்னும் பெயர்களில் இரு அணிகள் மோதின. 1872 வரை இவ்வாறு ஐந்து ஆட்டங்கள் நடைபெற்றன. ஸ்கொட்லாந்து அணியினருட் பெரும்பாலோர் இலண்டனிலும் அதன் அயலிலும் வாழ்ந்தோர். பிறந்த மண் எதுவாயினும், வழிமுறை ஸ்கொட்லாந்தாக இருந்தாற் போதுமெனக் கொள்ளப்பட்டது. இவ்வரிசையிலேயே ஹொக்கும் ஸ்கொட்லாந்துக்காக ஆடினார். இவ்வாட்டங்கள் அதிகாரபூர்வமானவையாக இன்று கணிக்கப்படுவதில்லை. முதலாவது அதிகாரபூர்வ ஆட்டம் 30.11.1872 அன்று கிளாஸ்கோவில் நடைபெற்றுக் கோலெதுவுமின்றிச் சமநிலையில் முடிந்தது.

போத்தலில் ஒரு மெழுகுவர்த்தி

ஈற்றனை விட்டு 1863இல் வெளியேறிய ஹொக், முதலில் ஒரு தேயிலை வணிக நிலையத்திலும், பின்னர் ஒரு சீனி வணிக நிலையத்திலும் பணிபுரிந்தார். பகல் முழுவதும் கணக்குப் புத்தகம். மாலையில் இலண்டன் வீதிகளிலே வீடற்று அலையும் சிறுவர்களின் காட்சி. ஓரிரவு, வீதி கூட்டிப் பிழைத்த இரு சிறுவர்களை அழைத்து, எழுத்துக் கற்கச் சம்மதமா எனக் கேட்டார். தேம்ஸ் நதிக்கு அருகே அடெல்பி என்னும் கட்டடங்களின் வளைவுகளுக்குக் கீழே பாடம் தொடங்கிற்று. வெற்றுப் பியர் போத்தலின் வாயிற் செருகிய மெழுகுவர்த்தியே விளக்கு, விவிலியமே பாடநூல்.

சிறிது நேரத்தில் தொலைவில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. “கூல் எஸிலொப்!” என்று கத்திய சிறுவர்கள் ஓடி மறைந்தனர். “பார், பொலிஸ்” என்னும் ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாக மாற்றிச் சொல்லும் தெருப்பிள்ளைகளின் மறைமொழி அது. ஆசிரியர் மட்டும் தனித்து நின்றார்.

தம் மாணவரின் மொழியே தமக்குத் தெரியாது என்பதை அவ்விரவில் ஹொக் உணர்ந்தார். சப்பாத்துத் துடைக்கும் சிறுவனின் உடையும் பெட்டியும் வாங்கினார். ஏறத்தாழ ஆறு மாதங்களாக, இரவு வேளைகளில் அவ்வேடத்திற் சென்று சிறுவர்களுடன் உண்டு, அவர்கள் படுத்த இடங்களிலேயே படுத்து, அவர்கள் வாழ்வையும் பேச்சையும் கற்றார். அதன் பின்னரே, 1864இல், சாறிங் குறொஸ் அருகே ஏழைச் சிறுவருக்கான பாடசாலையைத் தொடங்கினார். கின்னெயார்ட்டும் அங்கு கற்பித்தார்.

இப்பாடசாலை வளர்ந்தது. 1882இல் றீஜன்ற் வீதியில் 1838ஆம் ஆண்டு முதல் இருந்துவந்த பொலிரெக்னிக் கட்டடத்தை ஹொக் 15,000 பவுணுக்கு வாங்கினார். பகலில் உழைத்த இளைஞர்கள் மாலையில் அங்கு தொழிற்கல்வி கற்றனர். விளையாட்டுக் கழகங்களும் இயங்கின. அவருடைய மனைவி அலிஸ் பெண்களுக்கான பிரிவை 1888இல் உருவாக்க உதவினார். ஹொக் 17.01.1903 அன்று அக்கட்டடத்திலேயே, குளியலறையில் வாயு நஞ்சேறி இறந்தார். அந்நிறுவனம் 1992 முதல் வெஸ்ற்மின்ஸ்ரர் பல்கலைக்கழகம் என வழங்குகின்றது.

சீனி எங்கிருந்து வந்தது?

கதை இங்கு முடிந்தால் அழகாக இருக்கும். ஆயினும் மாணவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஹொக்கின் நிறுவனம் சீனி பெற்றது தென் அமெரிக்காவின் டெமரறாவிலிருந்து. அன்று பிரித்தானிய கயானா, இன்று கயானா எனப்படும் நாட்டின் ஒரு பகுதி அது. அடிமைகள் 1838இல் முழு விடுதலை பெற்றனர். அதே ஆண்டிலேயே இந்தியக் கூலிகள் ஒப்பந்தத்தின் பேரில் அங்கு இறக்கப்பட்டனர். 1845இற் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் சென்றது. 1917 வரை ஏறத்தாழ 239,000 இந்தியர் அக்கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர்.

இலண்டன் தெருப்பிள்ளைக்கு ஏற்றப்பட்ட விளக்கு அத்தோட்டப் பிள்ளைகளுக்கு ஏற்றப்படவில்லை. கட்டாயக் கல்விச் சட்டம் கயானாவில் 1876இல் வந்தபோதிலும், இந்தியப் பிள்ளைகள்பால் அது கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்படவில்லை. பள்ளிக்குச் சென்றவர்களும் ஆங்கிலமே கற்றனர். தமிழ் கற்பிக்கத் திண்ணையும் இல்லை, ஆசிரியரும் இல்லை.

இன்று கயானாவில் மாரியம்மன் கோயில்கள் உண்டு. 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்தவரின் பெயர் மோசஸ் நாகமுத்து. கிரிக்கெட் வீரர் ஒருவரின் பெயர் வீரசாமி பெருமாள். பெயர் தங்கியது, தெய்வம் தங்கியது, பேச்சு தங்கவில்லை. வழிபாட்டிலே சில தமிழ்ச் சொற்கள் பொருள் விளங்காமலே ஒலிக்கின்றன.

ஹொக்கைத் தூற்றுவதற்காக இதனைக் கூறவில்லை. அவர் தம் பொருளையும் உடலுழைப்பையும் ஏழைகளுக்கு ஈந்தவர் என்பது உண்மை. அப்பொருள் யாருடைய வியர்வையால் விளைந்தது என்பதும் உண்மை. இரண்டையும் ஒருங்கே மனத்திற் கொள்வதே வரலாறு கற்பதாகும்.

எமக்கான பாடம்

இனி, முதற் கேள்விக்கு வருவோம். இலண்டனிற் பிறந்த ஹொக் ஸ்கொட்லாந்து வீரரானது போல, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வளரும் நீங்களும் தமிழரே. வழிமுறையை எவரும் உங்களிடமிருந்து பறிக்க இயலாது. ஆனால் மொழி அவ்வாறு தானாக வருவதன்று. எவரேனும் ஒருவர் அருகில் அமர்ந்து கற்பித்தால் மட்டுமே வரும்; ஒரு தலைமுறை கற்பிக்கத் தவறினால் நின்றுவிடும். கயானா அதற்குச் சான்று.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில், யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கின் கீழ் படித்தவன் நான். பின்னர் அதே மண்ணில் ஆசிரியனாகவும் இருந்தேன். போத்தல் விளக்குப் போதும், படிப்பதற்கு மனமிருந்தால். இதனை ஹொக்கின் மெழுகுவர்த்தியும் சொல்கின்றது.

பெற்றோருக்கும் ஒரு சொல். தெருப்பிள்ளைகளின் பேச்சைக் கற்ற பின்னரே ஹொக்கினால் அவர்களுக்குக் கற்பிக்க முடிந்தது. எம் பிள்ளைகளின் பிரெஞ்சையும், அவர்களின் பனிக்கட்டி ஹொக்கியையும், நண்பர்களையும் நாம் அறிந்துகொள்வோம். அப்போதுதான் நாம் ஊட்டும் தமிழ் அவர்கள் வாழ்வோடு ஒட்டும். சனிக்கிழமை காலையில் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுச் செல்வதோடு கடமை முடிவதில்லை. வீட்டில் நாள்தோறும் பத்து நிமிடம் பிள்ளையோடு அமர்ந்து ஒரு பக்கம் வாசியுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. இலண்டனிற் பிறந்த ஹொக் ஸ்கொட்லாந்து அணியில் இடம்பெற்றது எவ்வாறு?
2. ஹொக் சப்பாத்துத் துடைக்கும் சிறுவனின் உடையை அணிந்தமைக்குக் காரணம் யாது?
3. கயானாவில் தமிழ்ப் பெயர்கள் நிலைத்தும் தமிழ்ப் பேச்சு நிலைக்காமைக்குரிய காரணங்கள் இரண்டு தருக.
4. உமது பாட்டனார் அல்லது பாட்டியாரிடம் கேட்டு, அவர் எழுதப் படித்த இடத்தையும் விளக்கையும் பற்றிப் பத்து வரிகள் எழுதுக.