சுவை விடுவதில்லை

ஏகாதசியன்று பட்டினி கிடந்தவர் மறுநாள் கண்டதையெல்லாம் உண்பது ஏன்? வைட்டிலாப் பகுதி அன்பர்களிடையே அவ்வப்போது எழும் வினா இது. உடல் இளைக்கக் கடும் உணவுக்கட்டுப்பாடு மேற்கொள்ளும் இளைஞர்களும் இதையே கேட்கின்றனர். மன உறுதி போதவில்லை என்று தம்மையே நொந்துகொள்வோர் பலர். அது சரியன்று.

1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் பட்டினியைப் பற்றி ஆராய்ந்தார். மனச்சான்றின் பொருட்டுப் போருக்குச் செல்ல மறுத்த 36 இளைஞர்கள் தாமாகவே அதற்கு முன்வந்தனர். உறுதியற்றவர்கள் என்று அவர்களை யார் சொல்ல முடியும்! 24 வாரங்கள் அரைப்பட்டினி. உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கரைந்தது. மனமோ உணவிலேயே குடியிருந்தது. சிலர் சமையல் நூல்களைத் தேடிப் படித்தனர். கட்டுப்பாடு நீங்கியபின், வயிறு நிறைந்தும் பசி தீராமல் உண்டவர்கள் உண்டு. பட்டினி வலிந்து ஏற்றதா, வாய்த்ததா என்று உடல் பிரித்தறிவதில்லை.

கீதையின் இரண்டாம் அத்தியாயம், 59-ஆம் சுலோகம் உண்ணாதிருப்பவனைக் கொண்டே பொருளைத் துறப்பதையும் சுவையைத் துறப்பதையும் வேறுபடுத்துகிறது. அங்குள்ள 'ரஸம்' என்ற சொல்லுக்கு ஆதிசங்கரர் 'ராகம்', அதாவது பற்று, என்று உரை காண்கிறார். எடை பார்க்கும் கருவி அதை அளக்காது.

நம் முன்னோர் இதை அறிந்தே துவாதசிப் பாரணையையும் விரதத்தின் அங்கமாக்கினர். உரிய வேளையில் உண்டாலன்றி நோன்பு நிறைவுறாது. கேரளத்தில் பலர் 'ஒரிக்கல்' என்று ஒருவேளை மட்டும் அரிசியுணவு கொள்வதும் இத்தகைய மிதமே. அடங்காது உண்பது அடிக்கடி நேருமாயின், விரதத்தை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரை அணுக வேண்டும்.