மலை சரிந்ததைக் காட்டிய படங்கள்

சுனாமி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது 2004 டிசம்பர் 26. அன்று சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. எழுந்த அலை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் நமது கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே.

ஆனால் எல்லாச் சுனாமியும் நிலநடுக்கத்தால் வருவதில்லை. எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தாலும் அலை எழும். மலை எப்படிச் சரிகிறது என்பதை விளங்கிக்கொள்ளப் புகைப்படங்கள் பெரிதும் உதவின. கரையோரக் கிராமமான வினாயகபுரத்துக்குத் திரும்பும் நீங்களும் இதை அறிந்திருப்பது நல்லது.

1. முதலில் சரிவு, பிறகு வெடிப்பு

1980இல் அமெரிக்காவின் சென் ஹெலன்ஸ் எரிமலைக்குள் ஏறிய பாறைக் குழம்பு, மலையின் வடக்குப் பக்கத்தை வெளியே தள்ளியது. அந்தப் பக்கம் நாளொன்றுக்கு ஒன்றரை மீற்றருக்கும் மேலாகப் புடைத்து வந்தது. மே 18 காலை 8.32 மணிக்கு நிலம் நடுங்க, புடைத்த பக்கம் அப்படியே வழுக்கி இறங்கியது.

தொலைவில் முகாமிட்டிருந்த கெரி ரோசன்குவிஸ்ட் என்பவர் ஒரு நிமிடத்துக்குள் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்தார். அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோது உண்மை தெளிவானது. மலை முதலில் சரிந்தது. மேலிருந்த பாரம் நீங்கிய பிறகே உள்ளே அடைபட்டிருந்தது பக்கவாட்டில் வெடித்தது. சோடாப் போத்தலின் மூடியைத் திறந்ததும் நுரை சீறுவது போன்றது இது. அன்று 57 பேர் இறந்தனர்.

2. இருளிலும் எடுத்த படம்

2018 டிசம்பர் 22 இரவு, இந்தோனேசியாவின் அனாக் கிரக்கத்தாவு எரிமலைத் தீவின் தென்மேற்குப் பக்கம் கடலில் சரிந்தது. கரையில் இருந்தவர்களை எச்சரிக்கும் அளவுக்குப் பெரிய நிலநடுக்கம் ஏற்படவில்லை. எச்சரிக்கை கிடைக்காமலே அலை வந்தது. 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

சில மணித்தியாலங்களுக்குள் ஒரு செய்மதி ரேடார் மூலம் அந்தத் தீவைப் படமெடுத்தது. ரேடாருக்கு இருளும் முகிலும் தடையல்ல. பழைய படத்துடன் ஒப்பிட்டபோது தீவின் ஒரு பக்கம் காணாமற்போனது தெரிந்தது. 338 மீற்றர் உயரமாக இருந்த மலை, சில நாட்களில் ஏறக்குறைய 110 மீற்றராகக் குறைந்தது.

அந்த அலை நமது கரையைத் தாக்கவில்லை. ஆனால் அதே இடத்தில் 1883 ஓகஸ்ட் 27 அன்று கிரக்கத்தாவு வெடித்தபோது எழுந்த அலை இலங்கை வரை வந்தது. அறுகம்பைப் பகுதியில் ஒரு பெண் அதனால் இறந்ததாகப் பதிவு உண்டு.

3. உங்கள் கைத்தொலைபேசியும் உதவும்

ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், வேறு வேறு நாட்களில் எடுத்த படங்களே மாற்றத்தைக் காட்டும். கடலரிப்பைக் கவனிக்கவும் இதே முறை போதும்.

• கிணற்றுக்கட்டு, தென்னை போன்ற அசையாத ஒன்று படத்தில் தெரியட்டும்.
• திகதியையும் நின்ற இடத்தையும் எழுதி வையுங்கள்.
• மாதம் ஒரு முறையும், பெருங்கடல் கொந்தளிப்பு அடங்கிய பின்னரும் எடுங்கள்.
• கரை உள்வாங்கி வருவது தெரிந்தால், படங்களைக் கிராம உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

4. நினைவில் வையுங்கள்

• நில அதிர்வை உணராவிட்டாலும் சுனாமி வரலாம்.
• கடல் திடீரென உள்வாங்கினால், அல்லது கடலில் பேரிரைச்சல் கேட்டால், அறிவித்தலுக்குக் காத்திராமல் கரையை விட்டு விலகி மேட்டுநிலத்துக்குச் செல்லுங்கள். கடல் எப்போதும் முதலில் உள்வாங்கும் என்றும் இல்லை.
• அந்த நேரத்தில் படம் எடுக்க நிற்க வேண்டாம். மீன் பொறுக்கப் போகவும் வேண்டாம்.
• முதல் அலையை விடப் பின்வரும் அலை பெரிதாக இருக்கலாம். அதிகாரிகள் சொல்லும் வரை திரும்ப வேண்டாம்.
• அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம்: 117.

குடும்பமாகப் பேசுங்கள்: உங்கள் வளவிலிருந்து கரையை விட்டு விலகிச் செல்லும் பாதை எது? வழியில் களப்போ தாழ்நிலமோ குறுக்கிடுகிறதா? வீட்டிலுள்ள முதியவரையும் குழந்தையையும் யார் கூட்டிச் செல்வது? இன்றே ஒரு முறை அந்தப் பாதையால் எல்லோரும் நடந்து பாருங்கள்.