மூன்று வண்ணங்களில் ஒரு முடிவு

கேள்வி: வீடியோ கேம் தொடரின் கதை முடிவு பிடிக்கவில்லை என்று ரசிகர்கள் கொதிப்பது நியாயமா? எப்படி முடிப்பது என்பது எழுதியவர் உரிமை அல்லவா?

பதில்: உரிமைதான். ஆனால் ‘மாஸ் எஃபெக்ட்’ தொடரைப் பாருங்கள். 2007இல் வந்த முதல் பாகத்தில் யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைக் கைவிட்டீர்கள் என்பதெல்லாம் அடுத்தடுத்த பாகங்களுக்கும் கூடவே வரும். ஆடிய ஒவ்வொருவர் கையிலும் தனிக் கதை. 2012இல் மூன்றாம் பாகத்தின் முடிவில் மிஞ்சியதோ, சிவப்பு, நீலம், பச்சை என நிறம் மாறிய, ஏறக்குறைய ஒரே காட்சி! எதிர்ப்பு வலுக்கவே, தொடரை உருவாக்கிய பயோவேர் நிறுவனம் அதே ஆண்டு ஜூனில் விரிவாக்கிய முடிவை இலவசமாகத் தந்தது. முடிவு சோகமானது என்பதல்ல குறை. அதே பாகத்தில் விஞ்ஞானி மோர்டின் உயிர்விடும் காட்சியை ரசிகர்கள் கண்ணீரோடு ஏற்றார்கள். அது அவர்கள் எடுத்த முடிவின் விளைவு. கடைசிக் காட்சி அப்படி இல்லை. ரசிகர்கள் பக்கம்தான் நான்.